சேதமான சூப்பர்-டாகுமார் 50/1.4: சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். பெரியப்பாவின் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவும், அதில் மாட்டியிருந்த அசாஹி சூப்பர்-டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸும் என்னிடம் வந்திருக்கின்றன. அறுபதுகளின் கடைசியில் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. பல வருடங்களாகத் தோல் உறையோடு பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

லென்ஸின் நிலைமையைச் சொல்கிறேன். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்திலிருந்து நூல் நூலாக ஃபங்கஸ் (பூஞ்சை). லென்ஸ் வழியாக வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் பழுப்பு கலந்த மஞ்சளாகத் தெரிகிறது. ஃபோகஸ் ரிங் முழு பலம் கொடுத்தால்தான் திரும்புகிறது. அபெர்ச்சர் பிளேடுகளில் (ஒளி வரும் துளையைச் சுருக்கும் தகடுகள்) எண்ணெய் மினுங்குகிறது. ஃபில்டர் மாட்டும் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. பின் கண்ணாடியில் ஒரு கோடு இருக்கிறது. கீறலா அழுக்கா என்று புரியவில்லை.

ஒரு கடையில் காட்டினேன். "ஃபங்கஸ் வந்தாலே அவ்வளவுதான் சார், கண்ணாடியே மஞ்சளாகிவிட்டது, ஷோகேஸில் வையுங்கள்" என்றார்கள். இன்னொருவர் 4,500 ரூபாய் கேட்கிறார், ஆனால் உத்தரவாதம் தர முடியாது என்கிறார். இதே லென்ஸ் "சுத்தமான நிலை" என்ற குறிப்போடு 8,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. என்னிடம் சோனி ஏ7 டிஜிட்டல் கேமரா இருக்கிறது, அதில் மாட்டிப் பயன்படுத்த ஆசை. என்ன செய்யலாம்?

நேர்கணக்கு (சென்னை)

4,500 கொடுத்து முடிவு தெரியாத ஒன்றைச் சரிசெய்வதைவிட இன்னும் 3,500 சேர்த்து நல்லதாகவே வாங்கிவிடுங்கள். பெரியப்பா நினைவுக்குக் கேமரா இருக்கிறதே. டாகுமார் 50/1.4 அரிய பொருள் இல்லை, லட்சக்கணக்கில் செய்திருக்கிறார்கள்.

திருப்புளி (கோயம்புத்தூர்)

வைகைக்கரை, கடையில் சொன்னதை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்துப் பயந்தும் முடிவெடுக்க வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் புது லென்ஸ்கூடப் பயங்கரமாகத்தான் தெரியும். முதலில் கேமராவில் மாட்டிப் படம் எடுங்கள். எம்42 (திருகி மாட்டும் பழைய வகை) லென்ஸை சோனியில் மாட்டும் அடாப்டர் சாதாரணமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. உங்கள் லென்ஸில் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றுகிற ஒரு சுவிட்ச் இருக்கும். அதை மேனுவல் பக்கம் தள்ளினால் நீங்கள் திருப்புகிற அளவுக்கு பிளேடு மூடும்.

ஜன்னலுக்கு எதிரே ஒருவரை உட்காரவைத்து, வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வரும்படி எஃப் 1.4-இல் (முழுதாகத் திறந்து) ஒன்று, எஃப் 8-இல் (சுருக்கி) ஒன்று எடுங்கள். அப்புறம் வெறும் வானத்தை எஃப் 16-இல் ஒன்று. இந்த வானப் படம்தான் பின் கண்ணாடியின் கதையைச் சொல்லும். முன் கண்ணாடியில் இருக்கிற தூசியோ சின்னக் கீறலோ படத்தில் உருவமாக விழாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் போகிற ஒளி முன் கண்ணாடியின் பெரும்பகுதி வழியாக வருகிறது, அதனால் அங்குள்ள குறை எங்கும் பரவிக் கரைந்து கான்ட்ராஸ்ட்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை) மட்டும் கொஞ்சம் குறைக்கும். பின் கண்ணாடிக்கு வரும்போது ஒளிக்கற்றை குறுகிவிடுகிறது, அபெர்ச்சரைச் சுருக்கினால் இன்னும் குறுகும். அங்கே படத்தைக் கெடுக்கிற அளவுக்குக் கீறல் இருந்தால் எஃப் 16-இல் வானத்தில் மங்கலான கோடாக வந்தே தீரும். பழைய லென்ஸ் வாங்குபவர்கள் முன் கண்ணாடியையே உற்றுப் பார்த்துவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றாமல் பணம் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஃபோகஸ் இறுக்கமும் பிளேடு எண்ணெயும் வேலைதான், சேதம் இல்லை. ஃபோகஸ் திருகுமரையில் போட்ட கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டது. அதிலிருந்து பிரிந்த எண்ணெய் பிளேடுக்குப் போயிருக்கிறது. இரண்டையும் கழுவிப் புதிதாகப் போட முடியும். சோனியில் பிளேடு மெதுவாக நகர்ந்தாலும் பாதகமில்லை. ஸ்பாட்மேட்டிக்கில் ஃபிலிம் போடுவதாக இருந்தால் ஷட்டர் திறப்பதற்குள் பிளேடு சட்டென்று மூடியாக வேண்டும், அப்போது எண்ணெய் இருக்கவே கூடாது.

ஃபங்கஸ் விஷயத்தில் ஒரே கேள்விதான்: அது கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, கண்ணாடியை அரித்துவிட்டதா? வளரும்போது அது அமிலம் விடுகிறது. அந்த அமிலம் முதலில் கண்ணாடியின் மேல் ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கப் போட்டிருக்கும் பூச்சை அரிக்கும், நாள் போகப்போகக் கண்ணாடியையும் அரிக்கும். துடைத்த பிறகும் அதே நூல் வடிவம் தடமாக நின்றால் அரித்துவிட்டது என்று அர்த்தம். திறந்து துடைக்காமல் இதை யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டாவது ஆள் உத்தரவாதம் தரவில்லை. அவரை நேர்மையானவர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று மறந்துவிடாதீர்கள். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து உள்ளே பாருங்கள். வானவில் நிற வளையமோ, ஓரத்திலிருந்து உள்ளே நுழைகிற பளபளப்பான திட்டோ தெரிகிறதா என்று சொல்லுங்கள். அது இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம், அப்போது என் பதில் வேறு.

நேர்கணக்கு (சென்னை)

நல்ல விளக்கம். ஆனாலும் கேட்கிறேன், மஞ்சளுக்கு என்ன செய்வீர்கள்? அது துடைத்தால் போகாது.

வகுப்பறை (திருச்சி)

மஞ்சளுக்கு நான் பதில் சொல்கிறேன், பள்ளியில் இயற்பியல் எடுப்பவன்.

அசாஹி இந்த 50/1.4 லென்ஸை 1964-இல் 8 கண்ணாடி அமைப்போடு கொண்டுவந்தது. ஓரிரு வருடத்திலேயே 7 கண்ணாடி அமைப்புக்கு மாற்றிவிட்டது. முன் வளையத்தில் எழுதியிருக்கும் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். இந்த 7 கண்ணாடி அமைப்பில் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், அதே சமயம் நிறங்களை அதிகம் பிரிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் இரண்டையும் ஒரே கண்ணாடியில் பெற தோரியம் நல்ல வழியாக இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானத்திலிருந்து படம் எடுத்த கோடக் ஏரோ-எக்டார் லென்ஸிலும் இதே தோரியம்தான்.

தோரியம்-232-இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி வருடம். அதன் சிதைவிலிருந்து வரும் கதிர்வீச்சு கண்ணாடிக்குள் எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்து, அமைப்பில் குறையுள்ள இடங்களில் சிக்கவைக்கிறது. அந்த இடங்கள் நீல ஒளியை உறிஞ்சுவதால் கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது. யூவி (புற ஊதா) ஒளி விழுந்தால் சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டு நிறம் வெளுத்துவிடும். ஆகவே உங்கள் கண்ணாடி கெட்டுப்போகவில்லை. பீரோ இருட்டிலேயே இருந்ததால் நிறம் இவ்வளவு ஏறியிருக்கிறது. மஞ்சளைக் காரணம் காட்டி இந்த லென்ஸைக் கழித்துக்கட்டுவது சரியே இல்லை.

யூவி எல்இடி விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு வகைகூடப் போதும், சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். பின் கண்ணாடி விளக்கைப் பார்க்கும்படி வைத்து, மறுபக்கம் அலுமினியத் தாள் வையுங்கள். நிறம் இறங்க நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள் ஆகும். அந்த விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்க வேண்டாம். வெயிலிலும் வைக்கலாம், ஆனால் மதுரை வெயிலில் நான் வைக்கமாட்டேன். கிரீஸ் இளகி எண்ணெய் மேலும் பரவும். அதைவிட முக்கியம், லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து அடியில் இருக்கும் துணியையோ மரத்தையோ பற்றவைத்துவிடும். மூடிய ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் ஜன்னல் கண்ணாடி யூவியில் ஒரு பகுதியை நிறுத்திவிடும்.

வைகைக்கரை (மதுரை)

கதிர்வீச்சா! வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். இதை வீட்டில் வைக்கலாமா?

வகுப்பறை (திருச்சி)

வைக்கலாம். தோரியம் விடும் ஆல்பா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும். கண்ணாடியையும் உலோகத்தையும் தாண்டிக் கொஞ்சம் பீட்டா, காமா வெளியே வரும், ஆனால் தூரம் கூடக்கூட வேகமாகக் குறைந்துவிடும். படம் எடுக்கப் பயன்படுத்துவதில் கவலை வேண்டாம். குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள், படுக்கைக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைக்காதீர்கள், பின் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து நேரம் கழிக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து தூளில் இருக்கிறது. பற்பசை போட்டுத் தேய்த்துக் கீறலைப் போக்குவதாகச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. எந்த லென்ஸிலும் அதைச் செய்யக் கூடாது, பூச்சு மொத்தமும் போய்விடும். தோரியம் கண்ணாடியைத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் ஆல்பாவைத் தடுக்க நடுவில் எதுவும் இருக்காது.

ஸ்டுடியோ70 (கும்பகோணம்)

தம்பி, கழற்றப் போகிறவரிடம் என்ன திருப்புளி (ஸ்க்ரூடிரைவர்) வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். ஜப்பான் கேமரா, லென்ஸ் எல்லாவற்றிலும் ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில் தரம்) அளவுத் திருகு. பார்க்க சாதாரண ஸ்டார் திருகு மாதிரியே இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவர் போட்டுத் திருகினால் வழுக்கி, திருகின் தலை தேய்ந்துவிடும். தலை தேய்ந்த திருகு இருக்கிற லென்ஸை நான் கையில் வாங்கமாட்டேன், ஏற்கெனவே யாரோ தெரியாமல் உள்ளே போய் வந்திருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

உங்கள் லென்ஸில் திருகுத் தலைகள் எப்படி இருக்கின்றன? முன் வளையத்தில் பக்கவாட்டுக் கீறல் இருக்கிறதா?

அந்த விளிம்பு நசுங்கலையும் அலட்சியம் செய்யாதீர்கள். படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பெயர் எழுதிய முன் வளையம் கழன்றால்தான் ஃபங்கஸ் இருக்கும் இடத்துக்கே போக முடியும். நசுங்கல் குறுக்கே நின்றால் முதலில் அதை நிமிர்த்த வேண்டும். வளைவான மரக்கட்டையை உள்ளே கொடுத்து மெதுவாகத் தட்டுவார்கள், அதற்கென்று விரிக்கிற கருவியும் இருக்கிறது.

தோல் உறையைத் தனியே எடுத்துவிடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஃபங்கஸ் வளர்ப்பது அதுதான்.

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் நன்றி. அடாப்டர் வந்தது, சொன்னபடி எடுத்துப் பார்த்தேன்.

ஜன்னல் படம் எஃப் 1.4-இல் வெள்ளைத் திரை போட்ட மாதிரி வெளிறிப்போய் வருகிறது, ஆனால் ஃபோகஸ் வைத்த கண்ணில் இமையின் முடிகூடத் தெரிகிறது. எஃப் 8-இல் நன்றாகவே இருக்கிறது, நிறம் மட்டும் மஞ்சள். வெள்ளைச் சமநிலையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிறது. வானத்தில் எஃப் 16-இல் கோடு எதுவும் விழவில்லை. பின் கண்ணாடியை ஊதுபந்தால் ஊதி லென்ஸ் காகிதத்தால் ஒற்றியெடுத்ததில் அந்தக் கோடு முக்கால்வாசி போய்விட்டது. முடி மாதிரி மெல்லிய கீறல் ஒன்று மிச்சம். டார்ச் அடித்துப் பார்த்ததில் வானவில் வளையம் எங்கும் இல்லை. திருகுகளின் தலையும் புதிது போலவே இருக்கிறது ஐயா, யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

திருப்புளி (கோயம்புத்தூர்)

அப்படியென்றால் இது சரிசெய்ய வேண்டிய லென்ஸ். எனக்குச் சந்தேகமே இல்லை. பின் கண்ணாடி தப்பித்திருக்கிறது, ஒட்டுக் கண்ணாடி பிரியவில்லை, யாரும் உள்ளே போய்க் கெடுக்கவில்லை. மிச்சம் இருப்பது எல்லாமே துடைத்தோ, கழுவியோ, ஒளி காட்டியோ போகக்கூடியவை. ஃபங்கஸ் கொஞ்சம் அரித்திருந்தாலும் அது முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிறது. எஃப் 2.8-க்கு மேல் மூடினால் அந்த ஓரம் படத்தின் நடுப்பகுதிக்குப் பயன்படவே போவதில்லை.

கரையோரம் (யாழ்ப்பாணம்)

ஒட்டுக் கண்ணாடி பிரிந்தால் என்ன நடக்கும் என்று என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

என்னிடம் ஒரு கார்ல் சைஸ் யேனா பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2 இருக்கிறது. வெளியில் இருந்து பார்க்க உங்கள் டாகுமாரை விட நூறு மடங்கு வடிவு. ஒரு கீறல் இல்லை, ஃபங்கஸ் இல்லை, ஃபோகஸ் வெண்ணெய். ஆனால் அதில் இரண்டு இடத்தில் இரட்டைக் கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்கிற மரப்பிசின்தான் பசை. என்னுடையதில் ஒரு சோடி ஓரத்திலிருந்து விட்டுக்கொண்டு வருகிறது, கண்ணாடியைச் சாய்த்தால் நிறங்கள் ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கப் புகை.

திருத்த முடியாததில்லை. சோடியைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும், பழைய பிசினைக் கரைத்து எடுக்க வேண்டும், யூவி வெளிச்சத்தில் இறுகும் பசை போட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும். இதில் சூடு சீராக ஏறாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். ஒட்டும்போது இரண்டு கண்ணாடிகளின் மையமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் அதற்குப் பிறகு எந்த அபெர்ச்சரிலும் கூர்மை வராது. மையம் பார்க்கும் கருவி உள்ள ஆளிடம் விலை கேட்டேன், இன்னொரு நல்ல பயோட்டார் வாங்கிவிடலாம் என்கிற தொகை. திருத்த வெளிக்கிடவில்லை. வெளிச்சம் பின்னால் இருந்து வராத இடங்களில் அதை வைத்தே ஆட்களின் படம் பிடிக்கிறேன், பின்னணி மங்கலில் அது கொடுக்கும் சுழல் இன்னும் அழகாகத்தான் வருகிறது.

நேர்கணக்கு (சென்னை)

வைகைக்கரையின் சோதனைப் படங்களைப் பார்த்த பிறகு இந்த லென்ஸைச் சரிசெய்யலாம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொதுவாக என் கருத்து மாறவில்லை. குடும்பத்துப் பொருள் என்பதால் இவருக்கு அதில் கூடுதல் மதிப்பு. சந்தையில் இதே நிலையில் 2,000 ரூபாய்க்கு ஒன்று கிடைத்து, அதற்கு 4,500 செலவு செய்வதாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சுத்தமான ஒன்று 8,000-க்கு இருக்கிறதே.

திருப்புளி (கோயம்புத்தூர்)

அந்த 8,000 ரூபாய் லென்ஸை யாராவது டார்ச் அடித்துக் காட்டினார்களா? அதுவும் ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. 7 கண்ணாடி அமைப்பாக இருந்தால் அதிலும் மஞ்சள் இருக்கும். கிரீஸ் மாற்றாமல் இருந்தால் அதுவும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். கடலோர ஊரில் இருந்து வந்ததென்றால் உள்ளே என்ன முளைத்திருக்கிறது என்று தெரியாது. சரிசெய்து முடித்த லென்ஸையும் திறந்தே பார்க்காத லென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலையை மட்டும் ஒப்பிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. விற்பவர் உள்ளே திறந்து சுத்தம் செய்து, பின்னாலிருந்து டார்ச் அடித்த படமும் எஃப் 16 வானப் படமும் அனுப்பினால் 8,000 நியாயமான விலை, தாராளமாக வாங்கலாம்.

ஹீலியோஸ் 44-2 போன்ற ரஷ்ய லென்ஸ் என்றால் நீங்கள் சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். விலை குறைவு, எங்கும் கிடைக்கிறது, அதற்குக் கூலி கொடுத்துச் சரிசெய்வது வீண். ஆனால் கழற்றிப் படிக்க அதைவிட நல்ல லென்ஸ் கிடையாது. தானியங்கி அபெர்ச்சர் இல்லாததால் உள்ளே சிக்கல் குறைவு, பிளேடில் எண்ணெய் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

வைகைக்கரை, ஒரு யோசனை. 4,500-ஐ ஒரே தொகையாகப் பேசாதீர்கள். முன் பகுதியை மட்டும் திறந்து ஃபங்கஸைத் துடைக்கச் சொல்லுங்கள். தடம் மோசமாக நின்றால் அதோடு நிறுத்தி, திறந்த கூலியை மட்டும் கொடுங்கள். சுத்தமாக வந்தால் ஃபோகஸ் கிரீஸும் பிளேடும் அடுத்து. நல்ல மெக்கானிக் இதற்கு மறுக்கமாட்டார், அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

மழைக்காடு (வால்பாறை)

ஃபங்கஸை எதை வைத்துத் துடைப்பது? எங்கள் ஊர் ஈரத்தில் இது எனக்குத் தீராத தலைவலி.

திருப்புளி (கோயம்புத்தூர்)

கண்ணாடியைத் தனியே எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் நீர்த்த அமோனியாவும் கலந்து, காற்றோட்டமான இடத்தில், பஞ்சில் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பேன். கலவையைப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை. ஒட்டுக் கண்ணாடியை ஊறவைக்கவே கூடாது, பசைக்குள் இறங்கிவிடும். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பு மை பூசியிருப்பார்கள், ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும், அங்கே பஞ்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து யூவி காட்டினால் ஃபங்கஸ் மறைந்துவிடும் என்பது தவறு. வளர்ச்சி நிற்கலாம், நூல் அங்கேயே இருக்கும்.

வைகைக்கரை (மதுரை)

லென்ஸ் திரும்பி வந்தது.

திருப்புளி அண்ணா சொன்ன மாதிரியே கட்டம் கட்டமாகப் பேசினேன், மெக்கானிக் உடனே சரி என்றார். விளிம்பை நிமிர்த்திய பிறகு முன் வளையம் கழன்றது. ஃபங்கஸ் துடைத்ததில் போய்விட்டது, ஓரத்தில் மட்டும் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற மெல்லிய தடம். பூச்சு கொஞ்சம் அரித்திருக்கிறது, கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றார். மேலே தொடரச் சொன்னேன். ஃபோகஸ் இப்போது ஒரு விரலில் திரும்புகிறது, பிளேடு சட்டென்று மூடுகிறது.

யூவி விளக்கு வேலையை வீட்டில் நானே செய்கிறேன். காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தால் நிறம் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, இன்னும் தொடர்கிறேன். அதே ஜன்னல், அதே எஃப் 1.4, திரை போய்விட்டது. கூந்தலின் கறுப்பு கறுப்பாகவே வருகிறது. நேர் வெளிச்சம் விழுந்தால் கொஞ்சம் வெளிறுகிறது, அந்தக் காலத்துப் பூச்சுக்கு அது இயல்புதான் என்று மெக்கானிக் சொன்னார்.

இனி எப்படி வைப்பது? பீரோ வேண்டாம் என்று புரிகிறது. அரிசிக்குள் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஸ்டுடியோ70 (கும்பகோணம்)

அரிசி வேண்டாம் தம்பி, அதன் மாவுத் தூசி உள்ளே போனால் ஃபங்கஸுக்கு அதுவே சாப்பாடு. எங்கள் காலத்தில் ஸ்டுடியோ அலமாரியில் ஒரு சின்ன குண்டு பல்பு இரவும் பகலும் எரியும், ஈரம் தங்காது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றும் போதும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். ரொம்பக் காயவைத்தால் கிரீஸுக்கு நல்லதில்லை. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் அந்த வாணலியில் சமைக்கக் கூடாது.

பயன்படுத்தாமல் வைத்த லென்ஸில்தான் ஃபங்கஸ் அதிகம் வரும். அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

வகுப்பறை (திருச்சி)

அந்த டப்பா ஒளி புகுகிற டப்பாவாக இருந்தாலும் அதை நம்பி மஞ்சள் வராது என்று இருந்துவிடாதீர்கள், பிளாஸ்டிக்கும் யூவியைக் குறைக்கும். சில வருடம் கழித்து நிறம் மெல்ல ஏறும். அப்போது இதே விளக்கைக் காட்டினால் போதும், லென்ஸைத் திறக்கத் தேவையில்லை.